46ஆம் முனையில் நிற்கும் இசை

நிண்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் ஒலி நேரே தொலைக்காட்சிக்குப் போவதில்லை. கருவிக்குள் இருக்கும் 2ஏ03 என்ற சிப் எழுப்பும் ஓசை முதலில் கேசட்டுக்குள் போகும். கேசட் அதைத் திருப்பித் தந்தால்தான் நமக்குக் கேட்கும். கேசட்டின் 60 முனைகளில் 45ஆவது உள்ளே வரும் வழி, 46ஆவது வெளியே போகும் வழி. சாதாரணக் கேசட்டுகளில் இந்த இரண்டையும் ஒரு சிறு செப்புக்கோடு இணைத்துவிடும். ஆனால் கேசட் செய்கிறவர்கள் விரும்பினால் அந்த இடத்தில் தங்கள் சொந்த இசைச் சிப்பை வைக்கலாம். கருவியின் ஐந்து குரல்களோடு மேலும் சிலவற்றைக் கலந்து அனுப்பலாம்.

1985இல் அதே கருவி என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது இந்த வழி அடைக்கப்பட்டது. கேசட்டிலிருந்து ஒலிக்குரிய இரண்டு முனைகளும் நீக்கப்பட்டன. போலிக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சிப்புக்கு நான்கு முனைகள், கருவியின் அடிவயிற்றில் உள்ள விரிவாக்கத் துளைக்குப் போகும் பத்து முனைகள் என்று சேர்த்து மொத்தம் 72 ஆயிற்று. அந்த விரிவாக்கத் துளைக்கென்று நிண்டெண்டோ எதையும் விற்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் மூடியின் கீழ் அது சும்மா கிடந்தது.

இந்தச் சும்மா கிடந்த முனைகளைப் பயன்படுத்தித்தான் இன்றைய ஆர்வலர்கள் இழந்த இசையை மீட்கிறார்கள். ஜப்பானியக் கேசட்டை என்.இ.எஸ். கருவியில் போட ஓர் அடாப்டர் வேண்டும். அதில் கேசட் பக்கம் 46ஆம் முனை எங்கும் இணையாமல் நிற்கும். அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்றை என்.இ.எஸ். பக்கத்தின் 54ஆம் முனைக்கு இழுத்து ஈயம் வைக்கிறார்கள். பிறகு கருவியின் அடியில் விரிவாக்கத் துளையின் 3ஆம், 9ஆம் முனைகளுக்கு நடுவே 47 கிலோ ஓம் தடையி ஒன்று. ஒரு கம்பி, ஒரு தடையி, அவ்வளவுதான் வேலை. மின்னணு வேலையில் இவ்வளவு சிறிய செலவுக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைப்பது அரிது. இதை நான் மனதார ஆதரிக்கிறேன். ஆனால் இது செய்யப்படும் விதத்தில் எனக்குப் பெரிய குறைகள் உண்டு; இலங்கையில் கண்டிக்கு அருகே உள்ள ஹந்தானை மலைப்பகுதி போன்ற ஓரிடத்தில் இருந்து பார்க்கும்போது அந்தக் குறைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

முதலில் பலனைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மையானது. கொனாமி நிறுவனம் 1989 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட 'அகுமாஜோ தென்செட்சு' கேசட்டுக்குள் வி.ஆர்.சி.6 என்ற சிப் இருந்தது. அது இரண்டு சதுர அலைகளையும் ஒரு வாள்பல் அலையையும் கூடுதலாகத் தந்தது. ஃபேமிகாமின் முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது; பேஸ் பகுதி எப்போதும் ஒரே அழுத்தத்தில்தான் முழங்கும். வாள்பல் அலை வந்ததும் அந்தப் பேஸ் வேறாகிறது. ஜுன் ஃபுனாஹாஷி, யுகியே மொரிமொட்டோ, யோஷினொரி சசாக்கி ஆகியோர் அமைத்த அந்த இசையில், பெரிய தந்தி வாத்தியங்களின் கனம் கேட்கும். அமெரிக்காவில் 1990இல் அதே விளையாட்டு 'காசில்வேனியா 3' என்று வந்தபோது நிண்டெண்டோவின் வேறொரு சிப்தான் உள்ளே இருந்தது. எட்டுக் குரலுக்கு எழுதிய இசையை ஐந்து குரலுக்குள் சுருக்கித் திரும்ப எழுத வேண்டியிருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்கள் எவரும் அந்தக் கம்பியையும் தடையியையும் வீண்வேலை என்று சொல்லமாட்டார்கள்.

1991இல் ஜப்பானில் மட்டும் வந்த 'லக்ராஞ்ச் பொயின்ட்' இன்னும் துணிச்சலானது. அதன் வி.ஆர்.சி.7 சிப் ஆறு எஃப்.எம். குரல்களைத் தந்தது. அந்த ஒலிவசதியைப் பயன்படுத்திய ஒரே கேசட் அதுதான். 1992 ஜனவரியில் சன்சொஃப்ட் வெளியிட்ட 'கிமிக்' விளையாட்டில் மசாஷி ககெயாமாவின் இசை, 5பி என்ற சிப்பின் துணையோடு ஒலித்தது. நம்கோவின் 163 சிப் எட்டுக் குரல்கள் வரை கொடுக்கும். இவையெல்லாம் ஃபேமிகாமின் கடைசிக் காலத்து உச்சங்கள். 54ஆம் முனைக்கு ஒரு கம்பி இல்லாவிட்டால், இந்தக் கேசட்டுகளை என்.இ.எஸ்.இல் போடும் ஒருவர் பாதிக் கச்சேரியைத்தான் கேட்கிறார். பாதிதான் கேட்கிறது என்று அவருக்குத் தெரியவும் வராது. ஒலி அறவே நின்றுபோனால் கேள்வி எழும். சில குரல்கள் மட்டும் காணாமற்போனால், இசையே இப்படித்தான் போலும் என்று மனம் ஏற்றுக்கொண்டுவிடும். இந்த மாற்றத்தின் மிகப் பெரிய நியாயம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இனிக் குறைகள். எல்லோரும் கைமாற்றிக்கொள்ளும் அந்த 47 கிலோ ஓம் எண்தான் முதற்குறை.

ஃபேமிகாமில் கருவியின் ஒலிக்கும் கேசட்டின் ஒலிக்கும் இடையிலான விகிதத்தை முடிவு செய்தது கேசட்தான். ஒவ்வொரு கேசட் பலகையிலும் அதற்குரிய தடையிகள் இருந்தன. நம்கோ 163 சிப் கொண்ட கேசட்டுகளை எடுத்துக்கொண்டால், ஒரே சிப்பாக இருந்தும் விளையாட்டுக்கு விளையாட்டு இந்த விகிதம் பெரிதும் மாறுகிறது. சிலவற்றில் கூடுதல் குரல்கள் பின்னணியில் மெல்ல நிற்கும். சிலவற்றில் அவைதான் முன்னால் பாடும். அது இசையமைத்தவரும் பலகை வடிவமைத்தவரும் எடுத்த முடிவு. என்.இ.எஸ். கருவியின் அடியில் ஒரே ஒரு நிலையான தடையியை வைக்கும்போது அந்த முடிவில் நாம் கை வைக்கிறோம்.

இன்னொரு நுட்பமான கோளாறும் இதில் உண்டு. கேசட்டுக்குள் நடப்பது தடையிகளால் ஆன எளிய கலவை என்றால், 45ஆம் முனை வழியாக வரும் கருவியின் ஒலிப்பாதையும் அந்தக் கலவையின் ஒரு காலாக நிற்கிறது. அந்தக் கால் இருப்பதால்தான் கூடுதல் சிப்பின் ஒலி குறிப்பிட்ட அளவுக்கு அடங்கி வருகிறது. அடாப்டரில் 45ஆம் முனை அந்தரத்தில் விடப்படுகிறது. கால் ஒன்று போனதும் அடக்கமும் போகிறது. சிப்பின் ஒலி அதற்கென்று வகுத்த அளவைத் தாண்டி எழுகிறது. அதன்மேல் 47 கிலோ ஓம். இறுதியில் கேட்பது எந்தக் கேசட்டிலும் எவரும் திட்டமிடாத ஒரு விகிதம். இதைத்தான் பலர் அசல் ஒலி என்று நம்புகிறார்கள். வாள்பல் அலை உரக்க முழங்கும்போது முதல் தடவை கேட்பவருக்கு உடல் சிலிர்க்கும், உண்மைதான். இரண்டாம் நாள் அதே இசையில் மேலே ஓடும் மெட்டு அமுங்கிக் கிடப்பது தெரியவரும்.

தீர்வு கடினமானதல்ல. நிலையான தடையிக்குப் பதில் மாறும் தடையி ஒன்றை வைத்து, அசல் ஃபேமிகாமின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுச் சரிசெய்யலாம். கேசட் மாற்றும்போது திரும்பவும் திருகலாம். இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்; ஆனால் குறைவு. ஒரே எண்ணை எழுதி வைத்துக்கொண்டு வேலையை முடிப்பவர்கள்தான் அதிகம்.

இரைச்சல் அடுத்த தொல்லை. 46ஆம் முனைக்கு ஒரு பக்கம் 47ஆம் முனை படச் சிப்பின் எழுதும் சமிக்ஞை. 45க்கு மறுபக்கம் 44ஆம் முனை நினைவகத்தைத் தேர்ந்தெடுக்கும் சமிக்ஞை. முன்னது படத் தரவு எழுதப்படும்போதெல்லாம் துடிக்கும்; பின்னது இடைவிடாமல் துடிக்கும். நடுவே செல்லும் மெல்லிய ஒலி அந்தத் துடிப்பை உறிஞ்சிக்கொள்ளும். கம்பியை நீளமாக, அடாப்டரின் குறுக்கே வளைத்து ஓட்டியிருந்தால் திரையில் படம் மாறும்போதெல்லாம் ஒரு ரீங்காரம் கேட்கும். கம்பி குறுகியதாக, பலகையோடு ஒட்டி, மற்றச் செப்புக்கோடுகளை இயன்றவரை செங்குத்தாகக் கடந்து போக வேண்டும். இது கையில் தொழில் உள்ளவர்கள் தாமாகவே செய்வது. கண்டி நகரில் பழைய வானொலி திருத்திப் பழகிய ஒருவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, காட்டினாலே போதும்.

இதுவரை சொன்னவை உலகில் எங்கும் பொருந்தும். நம் பக்கத்துக் கதை வேறு.

இலங்கையின் தொலைக்காட்சி பால் (PAL) முறை. நொடிக்கு 50 படங்கள். ஜப்பானின் கேசட்டுகள் 60க்கு எழுதப்பட்டவை. இசையைச் செலுத்தும் நிரல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை ஓடுகிறது. ஆகவே 50 படக் கருவியில் 60 நொடிப் பாட்டு 72 நொடிக்கு நீளும். சுருதியும் மாறும். ஐரோப்பாவுக்கென்று செய்த பால் என்.இ.எஸ்.இன் சிப் 1.66 மெகா ஹேர்ட்ஸில் ஓடுகிறது; ஜப்பானியக் கருவியில் அது 1.79. வித்தியாசம் சுமார் ஏழு சதவீதம், அதாவது ஒரு அரைச்சுரத்துக்கும் மேல். வி.ஆர்.சி.6 தன் வேகத்தைக் கருவியிடமிருந்தே பெறுவதால் அதுவும் சேர்ந்து இறங்கும். பாட்டு மந்தமாக, தாழ்ந்து ஒலித்தாலும் சுருதி சேர்ந்தே இருக்கும். ஆனால் 'லக்ராஞ்ச் பொயின்ட்' கேசட்டுக்குள் வி.ஆர்.சி.7க்கென்று தனி அலையியற்றி இருக்கிறது. கருவியின் ஐந்து குரல்களும் அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிட, எஃப்.எம். குரல்கள் ஆறும் பழைய சுருதியிலேயே நிற்கும். தம்பூராவை ஒரு கட்டையிலும் பாடகரை இன்னொரு கட்டையிலும் வைத்ததற்கு ஒப்பான நிலை இது. அந்த நிலையில் கம்பியை இழுக்காமல் விடுவதே இசைக்குச் செய்யும் மரியாதை. மாற்றம் எல்லாக் கேசட்டுக்கும் எல்லாக் கருவிக்கும் நல்லது என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது.

நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் என்.இ.எஸ்.உம் அல்ல, ஃபேமிகாமும் அல்ல. டீவி கேம் என்று நாம் வாங்கியவை ஃபேமிகாமின் நகல்கள். 60 முனைக் கேசட்டை நேரே ஏற்பவை. இவற்றுக்கென்று தைவான் சிப்புகள் தனியாக வடிவமைக்கப்பட்டன: 50 படம், ஆனால் 1.77 மெகா ஹேர்ட்ஸ். சுருதி ஏறத்தாழ ஒரு சதவீதம்தான் இறங்கும். வேகம் மட்டும் ஆறில் ஐந்து. மற்றொன்றும் உண்டு. பல நகல் சிப்புகளில் சதுர அலையின் 25 சதவீத, 50 சதவீத வடிவங்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. மூக்கால் பாடுவதுபோல் இருக்க வேண்டிய மெட்டு குழல்போல் ஒலிக்கும். குழல்போல் இருக்க வேண்டியது மூக்கால் பாடும். சிறுவயதில் நாம் மனப்பாடமாகக் கேட்ட மரியோ மெட்டும் கொன்ட்ரா மெட்டும் இந்த மாறாட்டத்தோடு பதிந்தவையாக இருக்கலாம். அசலைப் பின்னாளில் கேட்கும்போது அதுதான் பிழைபோலத் தோன்றும். அந்த நினைவை நான் மதிக்கிறேன். ஆனால் அதை அளவுகோலாக வைத்துக் கருவியில் ஈயம் வைப்பதை ஏற்கமாட்டேன்.

இந்த நகல் கருவிகளை வைத்திருப்பவர்கள் அடாப்டர் மாற்றத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தங்கள் பெட்டியையும் திறக்கத் துடிப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: முதலில் கேசட்டைத் திறந்து பாருங்கள். மஞ்சள் ஓட்டை நெம்பினால் உள்ளே பெரும்பாலும் ஒரு சிறு பச்சைப் பலகை, அதன் நடுவே கறுப்புப் பிசின் கட்டி ஒன்றோ இரண்டோ. அதற்குள் விளையாட்டு மட்டும்தான் இருக்கிறது. இசைச் சிப் இல்லை. ஃபேமிகாமோடு இணையும் வட்டு இயக்கிக்கென்று ஜப்பானில் எழுதிய விளையாட்டுகளைக் களவாகக் கேசட்டுக்கு மாற்றியவர்கள், வட்டு இயக்கியின் கூடுதல் குரலை விட்டுவிட்டுத்தான் மாற்றினார்கள். இல்லாத குரலை எந்தக் கம்பியும் கொண்டுவராது. சில நகல் கருவிகளில் 45, 46 என்ற சுற்றுப்பாதையும் இல்லை. ஒலி உள்ளேயே கலந்து வெளியே போய்விடுகிறது. அசல் ஜப்பானியக் கேசட் ஒன்று கையில் கிடைத்த பிறகே இவர்களுக்கு இந்த வேலை பொருள்படும்.

அசல் ஃபேமிகாமையே வரவழைக்கலாமே என்று கேட்பவர்களுக்கும் ஹந்தானை ஒரு பதில் வைத்திருக்கிறது. 1983இன் ஃபேமிகாம் ஆர்.எஃப். வழியாக மட்டுமே படமும் ஒலியும் தரும். அதுவும் ஜப்பானின் 1ஆம், 2ஆம் அலைவரிசைகளில். அவை 90 முதல் 102 மெகா ஹேர்ட்ஸ் வரையான இடத்தில் அமர்ந்தவை. நம் நாட்டில் அந்த இடம் முழுவதும் எஃப்.எம். வானொலிக்கு உரியது. மலைமேல் ஒலிபரப்புக் கோபுரங்கள், கீழே அந்தக் கருவி: படத்தில் கோடுகளும் ஒலியில் வேறொருவர் பேச்சும் வந்து கலக்க வழியுண்டு. 1993இல் வந்த ஏ.வி. ஃபேமிகாம் இந்தச் சிக்கலிலிருந்து விலக்கு. கேசட்டுக்குள் ஒலி போய்வரும் பாதையும் அதில் அப்படியே இருக்கிறது. பணம் செலவழிக்க இயன்றவர்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி அதுவே. ஒரே எச்சரிக்கை: ஜப்பானிய மின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் சுவரில் இருப்பது 230. அமெரிக்க என்.இ.எஸ்.இன் மின் அடாப்டர் மாறுதிசை மின் தருவது; அதை ஃபேமிகாமில் செருகினால் கருவி கருகிப்போகலாம். ஒலியைச் சீராக்கப் போய்க் கருவியையே இழந்தவர்கள் உண்டு.

இங்குள்ள ஈரத்தையும் சொல்லாமல் விடமுடியாது. மாலை மூடுபனி யன்னல் வழியாக உள்ளே வரும் வீடுகளில் கேசட் முனைகளின் பளபளப்பு சீக்கிரம் மங்கும். ஒலிப்பாதை ஒரே முனையை நம்பியிருப்பதால் அந்த ஒன்று மங்கினால் கூடுதல் குரல்கள் மட்டும் கரகரத்து மறையும். விளையாட்டு வழக்கம்போல ஓடும். தடையி பழுது, கம்பி பழுது என்று திரும்ப ஈயம் வைக்கப் போகுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹோலில் நனைத்த பஞ்சால் பின்வரிசையின் 15ஆம், 16ஆம் முனைகளைத் துடைத்துப் பாருங்கள். 45உம் 46உம் அவைதான்.

என்னை உண்மையில் வருத்துவது வேறு. 1985இல் அவசரமாகச் சந்தைக்கு வந்த சில என்.இ.எஸ். கேசட்டுகளுக்குள், குறிப்பாக 'ஜைரோமைட்' கேசட்டின் பல பிரதிகளில், ஃபேமிகாம் பலகையும் அதற்கு நிண்டெண்டோவே செய்த 60க்கு 72 அடாப்டரும் இருந்தன. பூட்டுச் சிப் உள்ள அடாப்டர் என்பதால் அதற்குக் கிராக்கி. எடை பார்த்து, ஓட்டைத் திறந்து, அடாப்டரை உருவி, அதில் கம்பி ஒட்டுகிறார்கள். மீதியை வீசிவிடுகிறார்கள். ஒரு நிறுவனம் இரு நாட்டுச் சந்தைகளுக்கு நடுவே எப்படித் தடுமாறியது என்பதற்குக் கையில் பிடிக்கக்கூடிய சான்று அந்த அடாப்டர். நாற்பதாண்டு தாங்கிய பொருள். இன்று புதிய அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஒலிக்கம்பியோடு சேர்த்தே செய்யப்பட்டவையும் இருக்கின்றன. அடித்துளையில் செருகி எடுக்கக்கூடிய சிறு பலகைகளும் உண்டு. அப்படியிருக்க, பழையதை வெட்டுவதற்கு என்ன காரணம் சொல்லமுடியும்? 'அசல் நிண்டெண்டோ அடாப்டர்' என்ற பெருமையைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அதன் 46ஆம் முனைக்கும் புதியதன் 46ஆம் முனைக்கும் ஒலியில் எந்த வித்தியாசமும் இல்லை.

இரட்டைச் செவி ஒலிக்காகச் சிப்பின் இரண்டு ஒலிக்கால்களையும் பிரித்து இடமும் வலமுமாக விடும் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. சதுர அலைகள் ஒரு காதில், முக்கோணமும் தாளமும் மறு காதில். எழுதியவர்கள் ஒற்றை ஒலிக்கு எழுதினார்கள். இதில் மெட்டும் தாளமும் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன. கூடுதல் குரல்களை எந்தப் பக்கம் வைப்பது என்ற கேள்விக்கு இவர்களிடம் பதிலும் இல்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மாற்றம் எவ்வளவு தெளிவானது என்று பார்க்கலாம். 1994இல் வந்த சூப்பர் கேம்போய், கேம்போய் கேசட்டைச் சூப்பர் ஃபேமிகாம் என்ற பெரிய கருவியில் போட உதவும் அடாப்டர். அது பெரிய கருவியின் கடிகாரத்தையே பயன்படுத்துவதால் அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் எல்லாமே 2.4 சதவீதம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். 1998இல் ஜப்பானில் வந்த இரண்டாம் வடிவத்தில் நிண்டெண்டோவே தனிப் படிகம் வைத்து அதைத் திருத்தியது. பழைய அடாப்டரில் படிகம் சேர்ப்பவர்கள் செய்தவரின் திருத்தத்தையே பின்பற்றுகிறார்கள். சரியான எண் ஒன்று இருக்கிறது, அதை எட்டினால் வேலை முடிந்தது. ஃபேமிகாம் அடாப்டரில் அப்படி ஒரே எண் இல்லை. கேசட்டுக்குக் கேசட் காதைக் கொடுத்து, அளந்து, முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பு இல்லாமல் 47 கிலோ ஓமை மட்டும் ஒட்டுவதை நான் அரைவேலை என்றே சொல்வேன்.

ஆகவே என் தீர்ப்பு: மாற்றம் செய்யத் தக்கது; புதிய அடாப்டரில், கழற்றக்கூடிய விதத்தில், மாறும் தடையியோடு. பால் கருவியில் 'லக்ராஞ்ச் பொயின்ட்' மட்டும் வேண்டாம். பழைய கேசட்டை அடாப்டருக்காக உடைக்கவே வேண்டாம்.

ஹந்தானை அடிவாரத்தில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். இந்த வேலைக்கு வேண்டிய அலைகாட்டி உங்கள் ஆய்வுகூடங்களில் இருக்கும். அசல் கேசட் ஒன்று கிடைத்தால் 46ஆம் முனையின் ஒலியளவை, 45 இணைந்த நிலையிலும் அந்தரத்தில் விட்ட நிலையிலும், அளந்து எழுதி வையுங்கள். நம் வீடுகளில் இருந்த டீவி கேம் நகல்களையும் அதே மேசையில் வைத்து அளவிடுங்கள். எந்தச் சிப், என்ன வேகம், அலைவடிவம் இடம் மாறியிருக்கிறதா என்று குறியுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அந்தப் பெட்டிகள் பழைய இரும்புக்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன.